மின்சிக்கனச் செம்மல்

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அன்று பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடத்தின் மேடையில் இருப்பவர்கள், போர்த்திய பொன்னாடையை மடித்து வைக்கமாட்டார்கள், இழுத்து மூடிக்கொள்வார்கள். ஏசி 18இல் ஓடிக்கொண்டிருக்கும். சம்பா கதிர் விடும் பருவத்துக் குளிர்காற்று வெளியே காசில்லாமல் வீசிக்கொண்டிருக்க, சன்னல்களை அடைத்து, 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்ற ஃபிளெக்ஸின் மேல் இரண்டு ஃபோகஸ் லைட்டும் போட்டு, இத்தனையையும் ஏற்பாடு செய்தவர்தான் மின்சிக்கனக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். இவரை ஒரு வளாகத்துக்கு மட்டும் எழுதிவைத்துவிட முடியாது. கும்பகோணம் முதல் சிதம்பரம் வரை எங்கும் இருக்கிறார்; வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனாலும் அங்கே இன்னொருவர் இருப்பார். தரையைப் பார்த்து நடப்பவர்கள் மத்தியில் இவர் விட்டத்தைப் பார்த்து நடப்பார். ஆளில்லாத வகுப்பில் விசிறி சுற்றினால் போதும், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த முகத்தோடு உள்ளே போய் அணைப்பார். மறுநாள் சுற்றறிக்கை வரும். மாணவர்களுக்கு.

இவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை, கணக்கில்தான் சந்தேகம். பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் எடுக்கும். ஆறு விசிறிகளைச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் அணைக்க மறந்தாலும் அரை யூனிட்டுக்கும் குறைவுதான். ஒன்றரை டன் ஏசியின் கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட், அதாவது இருபது விசிறி. மாணவர்கள் ஒரு மணி நேரத்தில் செய்த குற்றத்தை அது இருபது நிமிஷத்துக்குள் முடித்துவிடும். 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டிகிரி ஒன்று கூட்டினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பு. 24இல் தொடங்குவதை 18க்கு இறக்குவது ஏசி இல்லை, ஒரு விரல். அந்த விரலுக்குப் பதவி இருக்கிறது. வகுப்பறைச் சுவிட்சை யாரும் தொடலாம். பதிவாளர் அறை ரிமோட்டைக் கேட்க எந்தச் சுற்றறிக்கையிலும் வாசகம் இல்லை. ஜூன் 12இல் மேட்டூரில் திறந்த தண்ணீர் தலைமடையிலேயே உடைத்துக்கொண்டு ஓட, கடைமடையில் நின்று கொக்கு குடித்த தண்ணீரை அளப்பவரின் உழைப்பு இவருடையது.

'தஞ்சாவூர் வெயில் தெரியாமல் பேசாதீர்கள்' என்று இவர் சொல்லக்கூடும். நியாயமான பேச்சு. சித்திரையிலும் வைகாசியிலும் இங்கே வெப்பம் நாற்பதைத் தொட்டுப்பார்க்கும்; ஏசியே வேண்டாம் என்பது வீம்பு. சர்வர் அறைக்கும் சில ஆய்வகங்களுக்கும் அது கட்டாயமும்கூட. ஆனால் ஏசியை 26இல் வைத்து மேலே ஒரு விசிறியைச் சுற்றவிட்டால் உடம்புக்கு 24 போலவே இருக்கும். அந்த விசிறி புதிய பிஎல்டிசி ரகமாக இருந்தால் 30 வாட்டில் வேலை முடியும். சரஸ்வதி மகால் சுவடிகள் மின்சாரம் வருவதற்கு முன்பே அரண்மனையின் தடித்த சுவர்களுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருந்தன. நாம் மேற்குப் பார்த்த முகப்புக்குக் கண்ணாடி மாட்டி, சாயங்கால வெயிலை உள்ளே அழைத்து, பிறகு அதை வெளியேற்ற டன் கணக்கில் ஏசி வாங்குகிறோம். 'மாடியில் சோலார் போட்டாகிவிட்டதே' என்பது அடுத்த சமாதானம். போட்டதை மெச்சலாம். தூசு துடைக்கிறார்களா என்பதை மாடியேறித்தான் பார்க்க வேண்டும். துடைத்தாலும், கூரையில் விளைந்ததை அடுத்த தளத்தில் வீணடிப்பதற்குப் பெயர் சிக்கனம் ஆகாது. கடைசி அஸ்திரம் வயல் பக்கமிருந்து வரும்: '1990லிருந்து விவசாய பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், இங்கே மட்டும் என்ன கணக்கு?' ஆற்றில் தண்ணீர் வராத நாளில் குறுவை நாற்றைக் காப்பாற்ற ஓடும் மோட்டாரையும், ஆளில்லாத கூடத்தைக் குளிரவைக்கும் ஏசியையும் ஒரே தராசில் வைப்பது படித்தவர்களுக்கே கைவந்த கலை. அதோடு பல்கலைக்கழகத்துக்கு இலவசம் கிடையாது.

பெரிய வளாகங்களுக்கு வருவது உயரழுத்த இணைப்பின் பில். யூனிட்டுக்கு ஒரு கட்டணம். மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகமாக இழுத்த சுமைக்குத் தனியாக இன்னொரு கட்டணம். ஏப்ரல் மத்தியானம் எல்லா அறைகளும் சேர்ந்து ஏசியைப் போட்டால் அந்தச் சிறிது நேரம் முழு மாதத்துக்கும் விலை வைத்துவிடும். இந்த பில்லைப் பார்ப்பவர் நிதி அலுவலர். ரிமோட்டை அழுத்துபவர் அதன் நிறத்தைக்கூடப் பார்த்ததில்லை. வளாகம் முழுவதற்கும் ஒரே மீட்டர் என்றால் யாருடைய கட்டடம் எவ்வளவு குடித்தது என்று கடவுளுக்கே தெரியாது. கட்டடத்துக்கு ஒரு துணை மீட்டர் வைத்து, மாதாமாதம் துறைவாரியாகத் தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், சுற்றறிக்கை எழுதும் காகிதமும் மிச்சம். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்தால் இன்னும் விசேஷம்: மாணவர் ஒருவரும் இல்லாத கட்டடம் எவ்வளவு இழுக்கிறதோ, அதற்கு மாணவரைத் திட்ட முடியாது.

இந்த யோசனையை நம் ஒருங்கிணைப்பாளர் மறுப்பார் என்று நினைக்க வேண்டாம். மறுப்பது அவர் சுபாவம் இல்லை. 'ரொம்ப நல்ல கருத்து சார், உடனே செய்துவிடலாம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். முதல் மீட்டரை எங்கே வைக்கலாம் என்று கேட்டால், நிர்வாகக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடி மாணவியர் விடுதியைக் கைகாட்டுவார்.