முந்நூறோடு நிற்கும் வீழ்ச்சி

சேர்வராயன் மலையிலே கிளியூர் அருவி ஏறக்குறைய 300 அடி விழுந்தபின் விழுவதற்கு இடமின்றி நின்றுவிடுவதைப் போலவே, 900-ஐ உச்சியாகக் கொண்ட சிபில் மதிப்பெண்ணும் 300-க்குக் கீழே எவனையும் விழவிடாத பரம கருணையுடையது என்பதை, சில ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக வீட்டுக்கடன் கேட்டு ஒரு வங்கியின் வாசற்படி ஏறிய தினத்தில்தான் அடியேன் உணர்ந்தேன். தவணையில் வாங்கி, இரண்டு மாதம் கட்டத் தவறிய கைப்பேசி ஒன்று (கண்ணாடி விரிந்து, வீட்டில் மிளகுச் சாக்கின்மேல் பாரமாகக் கிடந்தது) மேலாளரின் திரையில் பூர்வஜன்ம பாவம்போல் சிவப்பாகப் பிரகாசித்தது. சித்திரகுப்தனாவது ஆயுள் முடிந்த பிறகே ஏட்டைப் பிரிக்கிறான். இவர்களோ ஜீவித்திருக்கும்போதே பிரித்துக் காட்டுகிறார்கள். எத்தகைய உபகாரம்!

பக்கத்து நாற்காலியில், காப்பித் தோட்டத்தில் முப்பதாண்டு உழைத்து, ஒருவரிடமும் காலணா கடன்படாத பெரியவர். அவருடைய மதிப்பெண் இருக்கவேண்டிய இடத்தில், கடன் சரித்திரமே இல்லை என்பதற்குக் குறியாக, -1 என்று வந்தது.

“ஐயா, முதலில் எங்கேயாவது கொஞ்சம் கடன்பட்டுவிட்டு வாருங்கள்” என்றார் மேலாளர், பரிவோடு.

சரித்திரமே இல்லாத அம்மனிதரைப் பார்த்ததும், சரித்திரமுடைய நான் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.