பகாவிலிருந்து ஒரு படக் கணக்கு

பகாவ், நெகிரி செம்பிலான், மலேசியா.

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் தம்பி நலம். உடம்பு சற்றுப் பெருத்திருக்கிறது. அதற்கு முழுப் பொறுப்பும் ரொட்டி சானாய்தான்.

மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பது கட்டுபடியாகுமா, மகன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்ற ஊர் நம்பிக்கையைக் காப்பாற்ற, உங்கள் தம்பி இங்கே ரப்பர்த் தோட்டத்தில் நாலு பேரிடம் விசாரித்தான்.

அமெரிக்காவில் இருக்கும் மாமா பையன் ஒரு காலத்தில் சிவப்பு உறையில் தபாலில் டிவிடி வரவழைத்துப் பீற்றிக்கொண்டானே, அது நெட்ஃபிளிக்ஸ். 1998இல் தொடங்கிய அந்தத் தபால் வியாபாரத்தை 2023 செப்டம்பர் 29 அன்று மூடினார்கள். அதற்குள் போன தட்டுகள் 520 கோடிக்கு மேல். கடைசிக் காலத்தில், ஒரு நேரத்தில் ஒரு தட்டு என்ற திட்டத்துக்கு மாதம் பத்து டாலர். வந்த அன்றே பார்த்து மறுநாளே திருப்பி அனுப்பி, மாதம் ஆறு படம் பார்த்தவனுக்குப் படம் ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் டாலர்கூட ஆகவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று அலமாரியில் வைத்தவனுக்கு ஒரே படம் பத்து டாலர். மாமா பையன் எந்த ரகம் என்று அண்ணிக்குத் தெரியும்.

அந்தத் திட்டம் இங்கே வந்திருந்தால் வேடிக்கைதான். தொழிலாளர் லயத்து வீடுகளுக்குத் தபால் நேராக வந்த வழக்கம் கிடையாது. எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பிரித்துக் கொடுப்பார். தட்டு முதலில் கிராணி வீட்டில் ஓடும், பிறகு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டில். பணம் கட்டியவர் பார்ப்பதற்குள் படத்தின் முடிவு பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேசப்பட்டிருக்கும்.

பழைய கதை இன்னும் சுவை. அந்தக் காலத்தில் தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டி எப்போதாவது படம் போடுவார்களாம். முன்னால் இடம் பிடிக்க முடியாதவர்கள் திரைக்குப் பின்னால் பாய் விரித்தார்கள். அவர்களுக்கு எம்.ஜி.ஆர். கடைசிவரை இடது கையால்தான் வாள் வீசினார்.

எண்பதுகளில் வீடியோ வந்தது. தீபாவளிக்குப் பட்டணத்துக் கடையிலிருந்து பெட்டியும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டில் லயமே உட்காரும். ஆனால் பல தோட்டங்களில் மின்சாரம் தோட்டத்து இன்ஜினிலிருந்துதான். இரவு குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். தமிழ்ப் படமோ இரண்டேமுக்கால் மணி நேரம். வில்லன் செத்தானா இல்லையா என்று தெரியாமலே தூங்கப் போன குடும்பங்கள் ஏராளம். வாடகை மட்டும் முழுசு! அப்புறம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கள்ள விசிடி குவிந்தது. வாடகைக் கடைகள் அதோடு படுத்தன.

1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. யாழ்ப்பாணத் தமிழர் வழிவந்த, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் பிறந்த ஆனந்த கிருஷ்ணனின் நிறுவனம் அது. தமிழுக்கு வானவில் என்று தனி அலைவரிசை. தகரக் கூரைகளிலெல்லாம் ஆன்டெனாத் தட்டு முளைத்தது. அந்தச் செயற்கைக்கோள் அனுப்புவது கேயு (Ku) பேண்ட் அலை. கனத்த மழைத்துளி அதை விழுங்கிவிடும். ரப்பர்த் தோட்டத்தில் இதன் அநியாயத்தைக் கவனியுங்கள், அண்ணா. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. ஆக, மழை பெய்தால்தான் ஆள் வீட்டில் இருப்பான். மழை பெய்தால்தான் படமும் போகும். "வேல இருந்தா படம் நல்லாத் தெரியுது, வேல இல்லாட்டி அதுவும் இல்ல லா" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். தீபகற்பத்தில் மழை குறைந்த வட்டாரங்களில் ஒன்றான ஜெலுபு இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. சந்தாவுக்கு முழுப் பலன் கிடைக்க வேண்டுமானால் அங்கே மாற்றல் கேட்கலாம் என்பது உங்கள் தம்பியின் யோசனை. 2012இல் ஆஸ்ட்ரோவின் மாதக் கட்டணமே இல்லாத என்ஜோய் பெட்டியும் வந்தது. அதற்கும் அதே வானம், அதே மழை.

இப்போது எல்லாம் கைப்பேசியில். 2019 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் இங்கே கைப்பேசிக்கு மட்டும் மாதம் 17 வெள்ளி (ரிங்கிட்) திட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 42 வெள்ளிச் சில்லறை. இருட்டோடு பெரட்டுக்குப் போய், மரத்தில் பால் வெட்டி முடித்து, மங்கு என்ற கோப்பையில் பால் நிறையக் காத்திருக்கும் நேரம் வரைக்குமான உழைப்பு அந்த 17. விலை அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசிதான். ஆறு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்; அதிலும் நாலரைக்கு எழ வேண்டியவர் இடைவேளைக்கு முன்பே குறட்டை.

தோட்டத்துக் கதையைச் சொல்லும் 'செம்மண் சாலை' (2005), தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றிய 'ஜகாட்' (2015) மாதிரி படங்களுக்காக என்றால் இங்குள்ளவர்கள் யோசிக்காமல் காசு கொடுக்கலாம். ஆனால் பாதி வீடுகளில் ஓடுவது ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்த படம்தான்.

ஆகவே, அண்ணா, மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: மாதம் நாலு படமாவது வீட்டோடு உட்கார்ந்து பார்ப்பதென்றால் கட்டலாம், அதற்குக் குறைந்தால் நஷ்டம். பரீட்சை மாதத்தில் நிறுத்திவிட்டு விடுமுறையில் மறுபடி சேரலாம். அதற்கு அபராதம் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி