ஜெர்சிக்கு மறுபிறவி

கேள்வி: எங்கள் கபடி அணியின் பழைய பாலியஸ்டர் ஜெர்சிகள் மூட்டையாகக் கிடக்கின்றன. புதுத் துணியாக்க முடியுமா?
– கபடி ரசிகர், நாமகிரிப்பேட்டை

பதில்: முடியும். ஆனால் இந்த ஆட்டத்தில் தண்ணீர் பாட்டில் உங்கள் ஜெர்சியை எப்போதோ முந்திவிட்டது! உங்களுக்குப் பக்கத்துக் கரூரில் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் நிறுவனம், பாலியஸ்டர் வகையான பெட் பாட்டிலை நொறுக்கி, உருக்கி, இழையாக்கித் துணி தயாரிக்கிறது. 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த இளநீல மேல்கோட்டு அந்தத் துணிதான். 2010 உலகக் கோப்பையில் நைக்கி தந்த கால்பந்துச் சட்டைகளும் பாட்டில்தான், சட்டைக்கு எட்டு வரை.

பாட்டில் பெரும்பாலும் ஒரே பொருள். ஜெர்சியோ பெரிய கூட்டணி: இழுபடும் ஸ்பான்டெக்ஸ், சாயம், முதுகில் ஒட்டிய எண். பாலியஸ்டர் உருக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதில் ஸ்பான்டெக்ஸ் சிதைந்து இழையையே கெடுக்கும். அதனால் பாலியஸ்டரை வேதியியல் முறையில் மூலப்பொருளாகப் பிரித்து, சாயத்தை நீக்கி, மறுபடி கோக்க வேண்டும். ஜப்பானின் டெய்ஜின் நிறுவனம் இதைச் செய்தது. 2005-ல் ஆடை நிறுவனமான பாட்டகோனியா, வாடிக்கையாளர்களிடம் திரட்டிய பழைய உள்ளாடைகளை அங்கேதான் அனுப்பியது! பூமாவும் இப்போது பழந்துணியில் கால்பந்துச் சட்டை செய்கிறது. செலவுதான் அதிகம்.

பாட்டிலை மறுபடி பாட்டிலாகவே ஆக்கலாம். பழைய ஜெர்சிக்குத்தான் எளிதான போக்கிடம் இல்லை. ஜெர்சி மறுசுழற்சியைத் திருப்பூர் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. இருப்பதை ஊர்ச் சிறுவர்களுக்குக் கொடுங்கள், கிழியும்வரை ஆடட்டும். அடுத்த முறை ஸ்பான்டெக்ஸ் கலக்காத முழு பாலியஸ்டராக, எண்ணை ஒட்டாமல், சாயத்தைச் சூட்டில் இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் முறையில் அச்சிட்டு வாங்குங்கள்.