கூரையில் ஒரு தாமரைக் குளம்

கேள்வி: பழைய பாணியில் ஒரு தோட்டத்தை வரைய ஆசை. எதைப் பார்த்துக் கற்கலாம்?
– ஒரு வாசகர், பூலாம்பாடி

பதில்: தரையைப் பார்க்காமல் கூரையைப் பார்க்க வேண்டும்! புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில், அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளமே இருக்கிறது. மீனும் வாத்தும் எருமையும் யானையும் நீரில் திளைக்க, ஆடவர் மூவர் பூப்பறிக்கிறார்கள்.

அந்தக் குளத்துக்குத் தொடுவானம் கிடையாது. தூரத்துப் பூ சிறுத்துப் போவதும் இல்லை. குளத்தை மேலிருந்தும் மீனைப் பக்கவாட்டிலும் பார்த்து, இரண்டையும் ஒரே பரப்பில் தீட்டியிருக்கிறார் ஓவியர். மொட்டு, மலர், இலை, தண்டு என்று இடமெல்லாம் நிறைந்திருக்கிறது. மரபுப் பாணியில் தோட்டம் வரைபவர் முதலில் கற்க வேண்டியது இந்தத் துணிச்சலைத்தான்.

வண்ணங்களும் இயற்கையிலிருந்தே வந்தவை. பாறைமேல் பூசிய சுண்ணாம்புச் சாந்தில் வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண்.

9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததை இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூர், திருச்சி வழியே புதுக்கோட்டை போய், அன்னவாசல் சாலையில் சுமார் 16 கி.மீ. சென்றால் சித்தன்னவாசல். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஓவியம் நிறையவே சிதைந்திருக்கிறது. இருப்பதையாவது யாரும் தொட்டுக் கெடுக்காமல் காக்க வேண்டும்.