அப்பாவைக் கூட்டிட்டு வா

அனுப்புநர்:
பெற்றோர் ஒருவர்,
தண்டலம், ஸ்ரீபெரும்புதூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
என்.சி.இ.ஆர்.டி., புது தில்லி.

பொருள்: காணாமல் போன கையேட்டுக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்து, 2021 கடைசியில் இணையத்தில் ஏற்றினீர்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்து ஒரு கடிதம் போட்டது. கையேடு இறங்கிவிட்டது. அரசாங்கத்தில் ஒரு காரியம் இத்தனை வேகமாக நடக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாது. சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவர்களிடம் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

வீட்டில் ஒரு சூழல், பள்ளியில் வேறு சூழல் என்றிருந்தால் குழந்தைகளின் மனம் பாதிக்கப்படும் என்பது ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. கூர்மையான யோசனை. முரண்பாடு கூடாதல்லவா? வீட்டில் அடி விழுகிற பிள்ளைக்குப் பள்ளியிலும் விழுந்துவிட்டால் மனம் குழம்பாது.

கையேடு இல்லாமல் ஆசிரியர்கள் தவித்துப்போவார்கள் என்று கவலைப்பட வேண்டாம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எழுதாத கையேடு ஒன்று தலைமுறை தலைமுறையாக உண்டு. மொத்தமே ஒரு வரிதான்: "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா." வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கும் அதுதான், முடி வெட்டாதவனுக்கும் அதுதான், பைக்குள் செல்போன் வைத்திருந்தவளுக்கும் அதுதான். பையன் என்று பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு பிள்ளை, பிடித்த டீச்சரிடம் மட்டும் தனியாகப் போய், "மிஸ், நான் பொண்ணு" என்று சொன்னாலும் அதேதான்.

அந்த அப்பா யார் என்று தில்லியில் தெரிந்திருக்காது. இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ காண்ட்ராக்டில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, தூங்காத கண்ணோடு நேரே பள்ளிக்கு வருவார். பகல் ஷிப்ட் என்றால் அன்றைய சம்பளம் போச்சு. என்ன தப்புச் செய்தானோ என்ற கோபத்தோடு வருபவரிடம், தலைமையாசிரியர் அறையில், பியூன் காது கேட்க, விஷயம் சொல்லப்படும். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் கோயில், மந்திரிப்பு, பெல்ட்டு. அதற்கும் அப்புறம், "பையன் வீட்டை விட்டு ஓடிட்டான்" என்று பதிவேட்டில் இடைநிற்றல்.

எங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கு ரகசியத்தைப் போட்டு உடைத்ததில் பெரிய பேர் உண்டு. 1017இல் இங்கே பிறந்த ராமாநுசர், வெளியே சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்துக் கொடுத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோயில் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. நரகத்துக்கு நான் போகிறேன், கேட்டவர்கள் பிழைக்கட்டும் என்பது அவர் கணக்கு. நம் பள்ளிகளின் கணக்கு வேறு. சொல்வது பள்ளி, நரகம் பிள்ளைக்கு.

சட்டமும் இதே பள்ளியில் படித்ததுதான் போலிருக்கிறது. 2019இல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு நிறையாத பிள்ளையின் அடையாளச் சான்றுக்குப் பெற்றோரோ காப்பாளரோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றது. கலெக்டர் ஆபீஸிலும் அப்பாவைக் கூட்டிட்டு வா!

வெளிநாட்டில் இதற்குச் சட்டம் போட்டே சண்டை பிடிக்கிறார்கள். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை பாலின அடையாளத்துக்கேற்பப் பள்ளியில் பெயர் மாற்றிக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023இல் சட்டம் போட்டது. பிள்ளையின் பாலின அடையாளத்தை வீட்டுக்குச் சொல்லும்படி ஆசிரியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கலிபோர்னியா 2024இல் சட்டம் போட்டது. இங்கே அந்தச் சிரமமெல்லாம் இல்லை. ஒரு போன் போதும்.

நானும் பிள்ளை பெற்றவன்தான் ஐயா. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதது வாத்தியாருக்குத் தெரிந்தால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் என்னிடம் சொல்லாமல் அவரிடம் போய்ச் சொன்னதென்றால், விசாரிக்க வேண்டியது என்னை. பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் நம்பகமான பெரியவர்களிடம் உடனே சொல்லத்தான் வேண்டும். வீடே ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. மற்றபடி எப்போது, யாரிடம் சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. சொல்ல விரும்பினால் டீச்சர் பக்கத்தில் உட்காரட்டும்.

பெற்றோரை மறக்கவும் சொல்லவில்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இந்த விஷயத்தைப் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும் என்கிறது. கூட்டத்தில் எல்லா அப்பாக்களுக்கும் பொதுவாகச் சொல்லலாம். யார் வீட்டுப் பிள்ளை என்று காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் கையேடு இறங்கியதைப் பற்றியும் அதே நீதிபதி டிசம்பரில் வருத்தப்பட்டார். தங்கள் பார்வைக்கு வந்திருக்கும்.

2023இல் புதிய வரைவு ஒன்று தயாரானதாகப் படித்தேன். தண்டலம் பஸ் இன்னும் கிடைக்கவில்லை போல. முழுப் புத்தகமும் வேண்டாம், ஒரு பக்கம் அனுப்புங்கள். அதில், வீட்டுக்குப் போன் போடும் முன் பிள்ளையைக் கேள் என்று மட்டும் எழுதுங்கள். தலைமையாசிரியர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொல்லிவிடுங்கள். இந்த முறை யார் கடிதம் போட்டாலும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கூப்பிட்டால் சம்பளம் போனாலும் வந்து நிற்கும்,
தண்டலத்து அப்பா ஒருவன்.