கட்டிக்கிடக்கும் படகின் மேல் நடத்தல்: ஒரு முதனிலை ஆய்வு

துறைமுகங்களைப் பற்றி அறிஞர்கள் ஏராளமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். முத்து, குதிரை, மிளகு, சுங்கம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் ஆறாவது படகுக்கு டீ எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் காணோம். அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கட்டுரை.

ஆய்வுக் களம், சென்னை காசிமேடு. காலம், மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாள். 2017 முதல் 61 நாள். சித்திரை முதல் தேதி கழிந்த கையோடு இத்தனை நீண்ட விடுமுறை பேராசிரியர்களுக்குக்கூட வாய்ப்பதில்லை. அவர்களுக்குச் சம்பளம் உண்டு, மீனவர்களுக்கு நிவாரணத் தொகைதான் என்ற சிறு வேறுபாட்டை ஆய்வு வசதிக்காக ஒதுக்கிவைக்கிறோம்.

அலைத்தடுப்புச் சுவருக்குள் படகுகள் அதிகம், இடம் குறைவு. எனவே கரையை ஒட்டி ஒரு படகு, அதன் விலாவில் இன்னொன்று, அதற்கும் வெளியே மற்றொன்று என்று அடுக்கிக் கட்டுகிறார்கள். உரசாமலிருக்க நடுவில் பழைய லாரி டயர்கள். வெளியே கிடக்கும் படகுக்குப் போக வேண்டுமானால் உள்ளே கிடப்பவை அத்தனையையும் மிதித்துத்தான் போக வேண்டும்.

இனி கணிதம். ஆறு படகுகள் இருக்கின்றன, படகுக்கு ஓர் ஆள் கரையிலிருந்து தன் படகுக்குப் போகிறார் என்று கொள்வோம். மொத்தம் 15 முறை பிறர் படகு மிதிபடும். இதில் கரையோரப் படகின் பங்கு 5, அதாவது மூன்றில் ஒன்று. ஆறாவது படகின் பங்கு பூஜ்யம். திரும்பி வருவதையும் சேர்த்தால் இரட்டிப்பு. ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு படகுகளில் ஒன்று தெருவாகவும் மற்றொன்று மாளிகையாகவும் ஆவது இப்படித்தான்.

கடப்பதற்கு அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. ஆனால் ஏதாவது பேசாமல் கடப்பது மரியாதைக் குறைவு. “அண்ணே, காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ” என்றாலே போதும். வலை கட்டிக்கொண்டிருப்பவர் நிமிராமலே “போப்பா” என்பார். அவர் விரித்திருக்கும் வலையை மிதித்தாலோ இதே உரையாடல் வேறு சொற்களில் நடக்கும். அவை ஆய்விதழுக்கு உகந்தவை அல்ல. சீட்டாட்டத்தின் குறுக்கே போகிறவர் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், சொல்லக் கூடாது.

டீக்கு வருவோம். தூக்குவாளியில் புறப்படும் டீ ஒவ்வொரு படகிலும் “எனக்கு ஒரு வாய்” என்ற வழிச்சுங்கம் செலுத்துகிறது. ஆறாவது படகை அடைவது பெரும்பாலும் வாளிதான். அப்படியானால், தங்களிடமே ஸ்டவ் இருந்தும் அந்தப் படகுக்காரர்கள் ஏன் கரைக்கு ஆள் அனுப்புகிறார்கள்? டீயுடன் சேதியும் வருகிறது. ஐந்து படகுகளைக் கடந்து வரும் சேதி, டீயைப் போல் குறையாமல், படகுக்குப் படகு பெருகுகிறது.

வீடு பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்போது விடுமுறையில் எதற்காகப் படகில் படுக்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். கயிறு, பாட்டரி, டீசல் இவற்றுக்குக் காவல் என்பது வீட்டில் சொல்லும் காரணம். தடைக்காலத்தின் நடுவில்தான் அக்னி நட்சத்திரம் வருகிறது என்பதையும், ஷீட் போட்ட வீட்டில் அந்த நாட்களில் இரவிலும் அனல் தணியாது என்பதையும் இந்தக் காரணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும். வலைக்குவியலைவிட நல்ல மெத்தை காசு கொடுத்தாலும் கிடைக்காது. காற்று வெளிப்படகுக்குத் தாராளமாக வருகிறது. கரையோரப் படகுக்கு வருவது ஐஸும் மீனும் நெடுங்காலம் கிடந்த தளத்தின் வாசம்.

இந்த அடுக்கு நிலையானது என்று எண்ணிவிடக் கூடாது. அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டவும், பெயின்ட் அடிக்கவும் ஒரு படகு கரையேற வேண்டுமென்றால் வெளியே உள்ள அத்தனை கயிறுகளையும் அவிழ்த்தாக வேண்டும். வேலை முடிந்து திரும்பும் படகுக்கு அதன் பழைய இடம் கிடைப்பதில்லை. வரிசையின் கடைசியில், கடலைப் பார்த்து, காற்றோட்டமாகக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அடுக்கில் கட்டுவதற்கு முன்புதான் பெயின்ட் அடித்து முடித்த முதல் படகின் ஓனர், அடிப்பலகையில் எங்கோ நீர் கசிவதாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார்.