தலைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல

அனுப்புநர்:
மாதப் பாஸ் வாங்கிய ஒரு வாடிக்கையாளர்,
புறநகர் ரயில் பயணி.

பெறுநர்:
உயர்திரு குத்தகைதாரர் அவர்கள்,
இருசக்கர வாகன நிறுத்தம்,
எங்கள் ஊர் ரயில் நிலையம்.

பொருள்: ஹெல்மெட் களவு போனது – நிர்வாகத்துக்கு நன்றி தெரிவித்தல் – சான்றிதழ் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நுழைவாயிலில் உள்ள மஞ்சள் பலகை.

ஐயா,

"ஹெல்மெட், ரெயின்கோட், பெட்ரோல் ஆகியவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அது எச்சரிக்கை. வேறு சிலருக்கோ, உள்ளே என்னென்ன கிடைக்கும் என்று ஓட்டல் வாசலில் எழுதிப் போடும் பலகை. பெட்ரோலையும் மறக்காமல் சேர்த்த தங்கள் தொலைநோக்கை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அதைக் குழாய் போட்டு உறிஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால், எங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பட்டியலின் முதல் பொருளோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

என் ஹெல்மெட்டும் அப்படித்தான் போயிற்று. தங்கள் ஊழியரிடம் முறையிட்டேன். "போர்டப் பாக்கலையா சார்?" என்றார். தினமும்தான் பார்க்கிறேன்.

நான் ஏதோ ஹெல்மெட்டைச் சீட்டின் மேல் அநாதையாக விட்டுப் போனதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. சீட்டுக்கு அடியில் வண்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். தாடைப்பட்டையில் உள்ள இரும்பு வளையத்தை அதில் மாட்டிச் சீட்டை அழுத்திப் பூட்டினால் சாவி இல்லாமல் எடுக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அந்தப் பட்டை வெறும் நைலான் நாடா. சவர பிளேடு கைவசம் உள்ளவருக்குச் சாவி எதற்கு? மாலையில் வந்து பார்த்தால் வளையம் கொக்கியில் பத்திரமாகத் தொங்குகிறது, ஹெல்மெட்தான் இல்லை.

இதில் சட்ட நுணுக்கம் ஒன்று இருக்கிறது; தங்களுக்குச் சாதகமானது என்பதால் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி, பட்டையாலோ வேறு பிடிமானத்தாலோ தலையோடு உறுதியாகக் கட்டப்பட்டிருப்பதுதான் தலைக்கவசம். பட்டை அறுந்த உடனே அது வெறும் பிளாஸ்டிக் சட்டி. ஆக, தங்கள் வளாகத்திலிருந்து ஹெல்மெட் எதுவும் வெளியே போகவில்லை என்று தாங்கள் தாராளமாகச் சாதிக்கலாம். எடுத்தவரைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை. தலையில் கவிழ்த்துக்கொண்டு போவார், போலீஸ்காரர் கண்ணுக்கும் ஹெல்மெட்டாகத் தெரியும், ஆனால் வண்டி சாயும்போது தலை தரைக்குப் போய்ச் சேரும் முன்பே அது தனிவழி போய்விடும்.

அடுத்த ஹெல்மெட்டுக்கு எஃகு வயர் வாங்கினேன். தாடையையும் மறைக்கும் முழு ஹெல்மெட்டுக்கு இதுவே உத்தமம். முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, வயரை முகத்துவாரத்தில் நுழைத்துக் கழுத்துப் பக்கம் எடுத்து, வண்டியின் ஃபிரேமைச் சுற்றி நம்பர் பூட்டுப் போட வேண்டும். மழைக்கோட்டின் ஒரு கையையும் அதே வயரில் கோத்துவிடலாம். கையுறைகளை மட்டும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிளேடுக்கு இது மசியாது. கட்டிங் பிளேயருக்கு மசியும்தான், ஆனாலும் ரயிலுக்கு அவசரமாக ஓடுகிற கூட்டத்தில் பிளேயர் வைத்திருப்பவர் அபூர்வம். வயரைப் பின்சக்கரத்தோடும் சேர்த்துக் கட்டினால் இன்னும் பலம். கட்டினேன். தங்கள் ஊழியர் ஓடி வந்தார். "சார், வீல்ல கட்டாதீங்க, சைடு லாக்கும் போடாதீங்க, வண்டிய நகத்தணும்" என்றார். நூறு வண்டி நிற்கும் இடத்தில் நூற்றைம்பதை அடுக்கும் கலைக்கு, எந்த வண்டியும் பூட்டப்படாமல் இருப்பது அவசியம் என்பது அப்போதுதான் விளங்கியது. பூட்டினால் இடைஞ்சல், பூட்டாவிட்டால் பலகை.

பக்கவாட்டுக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள் சிலர். ஹெல்மெட்டின் உள்ளே, தெர்மோகோல் மாதிரி ஒரு நுரை இருக்கிறது. மண்டைக்கு வரும் அடியைத் தான் வாங்கி நசுங்குவதுதான் அதன் வேலை. நசுங்கியது மறுபடி எழும்பாது. கண்ணாடிக் கம்பி தினமும் அதே இடத்தில் குழி பறித்தால், வேலை வரும் நாளில் அங்கே நசுங்குவதற்கு மிச்சம் இருக்காது.

கையோடு கொண்டு போகலாமே என்பீர்கள். காலை நேரத்துப் புறநகர் ரயிலில் தாங்கள் ஏறியிருக்கிறீர்களா? என் ஒரு தலைக்கே அங்கு இடம் இல்லை. இறங்கி வங்கிக்குப் போனால் "ஹெல்மெட் அணிந்து உள்ளே வராதீர்" என்று ஒரு பலகை, நகைக்கடையில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. போட்டால் வங்கிக்காரர் பிடிப்பார், போடாவிட்டால் போலீஸ்காரர். கழற்றி வைக்கவோ இந்த நாட்டில் ஓர் ஆணி கிடையாது.

இத்தனைக்கும் ஹெல்மெட் எங்கள் தலைக்கு வர அரசு பட்ட பாடு கொஞ்சமா? வண்டி விற்கும்போதே ஹெல்மெட்டும் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. வெறுந்தலையோடு சிக்கினால் ஆவணங்கள் பறிமுதல்; ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டையும் வாங்கிய ரசீதையும் காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். ஹெல்மெட் கடைகளில் அந்த ஜூன் கடைசி வாரம் தீபாவளியாக இருந்தது. தமிழ்நாட்டில் 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரில் 1,000 ஆயிற்று. ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு. என்னிடம் ரசீது இப்போதும் இருக்கிறது. அதைத் தலையில் கட்டிக்கொண்டு போகலாமா என்று விதிகளில் தேடிப் பார்த்தேன். அது விஷயமாக ஒன்றும் சொல்லவில்லை.

திருடருக்கு என்ன என்றும் தேடினேன். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறையாகக் குற்றவாளி என்று தீர்ப்பானவர், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. பறிகொடுத்தவருக்கு ஆயிரம் ரூபாய், பறித்தவருக்குச் சேவை. எனக்கு இதில் வருத்தமில்லை. அந்தச் சேவையைத் தங்கள் ஸ்டாண்டிலேயே செய்ய விட்டால் நல்லது. ஹெல்மெட் எப்படியெல்லாம் களவு போகும் என்று தெரிந்த ஓர் ஆளாவது அங்கே காவலுக்கு இருப்பார்.

தங்கள் டோக்கனின் பின்புறம் பொடி எழுத்தில் "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சடித்திருப்பதையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டேன். தில்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலும் இப்படித்தான் அச்சடித்திருந்தது. 1998-இல் ஓட்டல் ஆளிடம் சாவியோடு ஒப்படைத்த மாருதி ஜென் கார் களவு போக, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து 2019-இல் முடிந்தது. பொருளைப் பொறுப்பில் வாங்கிக்கொண்டவர், சீட்டில் எழுதிவைத்ததைக் காட்டித் தன் அலட்சியத்துக்கு விலக்குத் தேட முடியாது என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் சாவி வாங்கியவர்கள். தாங்கள் சைடு லாக் மட்டுமே வேண்டாம் என்கிறீர்கள். வித்தியாசம் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைத் தங்கள் வக்கீலிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நஷ்டஈடு கேட்டுத் தங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஹெல்மெட் களவு போன ஒவ்வொருவருக்கும், வண்டியை எடுக்கும்போதே, முத்திரையோடு ஒரு சான்றிதழ் தாருங்கள். வாசகம் நானே எழுதியிருக்கிறேன்:

"இச்சான்றிதழைக் கொண்டுவருபவர் காலையில் எங்கள் நிறுத்தத்துக்குத் தலைக்கவசத்துடன் வந்தார். மாலையில் அது இல்லாமல் போகிறார். இடைப்பட்ட நேரத்தில் அதை நாங்கள் பார்க்கவில்லை. பார்ப்பது எங்கள் வேலையும் அல்ல. அவர் வீடு போய்ச் சேரும் வரை அவரது தலையை வெறுமையாகவே அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

இதற்குத் தனிக் கட்டணம் வைத்தாலும் கட்டத் தயாராக இருக்கிறேன். ஆயிரம் ரூபாய்க்குக் கீழே எது சொன்னாலும் எனக்கு லாபம்தான்.

இப்படிக்கு,
தங்கள் மாதப் பாஸ்தாரர்.

நகல்: போக்குவரத்து உதவி ஆய்வாளர் அவர்கள் (இன்று மாலை சிக்னலில் நேரில் வழங்கப்படும்).